அவரை பார்க்கும் பஞ்சாங்கம்

வீட்டுத் தோட்டத் தொடர் – 9

போன வாரம் தொட்டியின் ஆழம், வடிகால் ஓட்டை, மண் கலவை வரை வந்து நிறுத்தினோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பச் சொல்ல இடமில்லை. எந்த மாதம் எந்த விதை என்று இந்த வாரம் முழு அட்டவணை தருவதாகச் சொல்லியிருந்தேன். அதன் முதல் வரி ‘அவரை – ஆடி’. ஏன் ஆடி என்று பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம் போடப்போய், அந்த ஒரு வரி இந்த வாரப் பக்கம் முழுவதையும் தின்றுவிட்டது. ஆடி பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. அதனால் அவரையை இப்போதே பேசிவிடுவதில் தப்பில்லை. மற்ற காய்கறிகள் கோபித்துக்கொள்ளாது.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மாடித் தோட்டக்காரர்களிடமும் வேதவாக்காகிவிட்டது. ஆனி கடைசியில் விதைக் கடைகளில் கூட்டம் சேருவதற்கும் அதுதான் காரணம். ஆனால் அந்தச் சொல் மானாவாரிக் காட்டுக்காரர் சொன்னது. ஆடியில் சாரலும் தூறலுமாக வெயில் தணியும், மண் கொஞ்சம் ஈரம் காணும், முளைத்த பயிர் வேரூன்றி நிமிர்வதற்குள் ஐப்பசி மழை வந்து சேரும் என்பது அவருடைய கணக்கு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ப்பதால் அந்தக் கணக்கில் பொருள் இருக்கிறது. அப்போதும் அது எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு அல்ல. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மானாவாரி விதைப்பு புரட்டாசியை ஒட்டித்தான் சூடு பிடிக்கும். கிணற்றுத் தண்ணீர் உள்ளவருக்குத் தைப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப்பட்டம் என்று வேறு கதவுகள் உண்டு. குழாயைத் திறந்து, பூவாளியில் பிடித்து, காலையில் ஊற்றுகிறவருக்கு மழைக் கணக்கு எதற்கு? மொட்டை மாடியில் ஆடிக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று இதிலிருந்து சொல்லிவிடலாமா?

சொல்லக்கூடாது என்பதுதான் என் வாதம். ஒரு செடியை எப்போது தொடங்குவது என்பதை நான்கு காரணங்கள் தீர்மானிக்கின்றன: தண்ணீர், பகல் வெயில், இரவு வெப்பம், இரவின் நீளம். தண்ணீர் நம் கையில் இருக்கிறது. பகல் வெயிலை நிழல்வலை கட்டிப் பாதி குறைக்கலாம். இரவின் வெப்பத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இரவின் நீளத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே வீட்டுத் தோட்டக்காரர் நாள் குறிக்கும்போது, தன் கையில் இருப்பதைத் தள்ளிவிட்டு, கையில் இல்லாததைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். நம் வழக்கமோ நேர் எதிர். தண்ணீர் லாரி வந்துவிட்டதா, கோடை முடிந்ததா, பள்ளி விடுமுறை இருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்கிறோம். இரவின் நீளத்தைப் பார்ப்பதில்லை. அவரை பார்ப்பது அதை மட்டும்தான்.

இது தெரிய வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் பண்ணை ஒன்று வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டனில் இருந்தது. அங்கே கார்னர், அலார்ட் என்ற இருவரை ‘மேரிலாண்ட் மேமத்’ என்ற புகையிலை ரகம் பாடாய்ப் படுத்தியது. பத்தடி வளரும், இலை இலையாகத் தள்ளும், பூக்க மட்டும் பூக்காது. பூக்காவிட்டால் விதை ஏது? அதே செடியைக் குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் வைத்தால் சின்ன வயதிலேயே பூத்துவிடும். வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் மிஞ்சியது பகலின் நீளம். அவ்வளவு அற்பமான காரணமாக இருக்குமா என்று தயங்கியபடியே, 1918ம் வருடக் கோடையில் நாய்க்கூண்டு மாதிரி இருந்த ஓர் இருட்டறைக்குள் தொட்டிகளை மாலை 4 மணிக்கு நகர்த்தி, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். பதினேழு மணி நேர இரவு கிடைத்ததும் செடிகள் நடுக்கோடையிலேயே பூத்தன. வெளியே நின்ற செடிகள் வழக்கம்போல் இலை தள்ளிக்கொண்டிருந்தன. 1920ல் இதை அவர்கள் வெளியிட்டார்கள். ஒளிக்காலத்துவம் என்று நம் பிள்ளைகள் பள்ளித் தாவரவியலில் மனப்பாடம் செய்வது இதைத்தான். புத்தகத்தில் அந்த நாய்க்கூண்டு இல்லாதது பெரிய குறை.

அவர்களுடைய இன்னொரு சோதனைதான் நமக்கு முக்கியம். ‘பைலாக்சி’ என்ற சோயா மொச்சை ரகத்தை ஒரே நாளில் விதைக்காமல், வசந்தத்தில் தொடங்கிக் கோடை நெடுகச் சில வார இடைவெளிகளில் விதைத்துப் பார்த்தார்கள். முன்னால் விதைத்தது முன்னால் பூக்கும், பின்னால் விதைத்தது பின்னால் பூக்கும் என்று யாரும் எதிர்பார்ப்போம். மே மாதம் விதைத்ததும் ஜூலையில் விதைத்ததும் செப்டம்பரில் கிட்டத்தட்ட ஒன்றாகவே பூத்தன. மூத்தது ஆளுயரம் போனபின் பூத்தது, இளையது முழங்கால் உயரத்திலேயே பூத்தது; அவ்வளவுதான் வித்தியாசம். இதிலிருந்து கிடைக்கும் முடிவை ஒவ்வொரு விதைப் பொட்டலத்தின் மேலும் அச்சடித்துக் கொடுக்கலாம்: இந்த வகைச் செடியில் விதைக்கும் நாள் பூக்கும் நாளைத் தீர்மானிப்பதில்லை, பூக்கும்போது செடி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது.

பகலின் நீளம் என்று அவர்கள் சொன்னது பிறகு திருத்தப்பட்டது. செடி அளப்பது பகலை அல்ல, இடையறாத இருட்டை. 1938ல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தைச் செடியில் இதைக் காட்டினார்கள். நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டு அணைத்தால் போதும், பூ நின்றுவிட்டது. பகலின் நடுவே இருட்டாக்கினால் செடி பொருட்படுத்தவே இல்லை. இந்த உண்மையின் விளிம்பை அதற்கும் முன்பே தொட்டவர் ஒருவர் உண்டு. ஜூலியன் தூர்னுவா என்ற பிரெஞ்சுக்காரர் சணல் வகைச் செடியிலும் ஹாப்ஸ் கொடியிலும் சோதித்து, காரணம் பகல் குறைவதைவிட இரவு நீள்வதாகவே இருக்கலாம் என்று 1914லேயே எழுதிவிட்டார். அதே வருடம் மூண்ட போரில் அவர் செத்துப்போனார். ஆர்லிங்டன் பண்ணைக்கும் போரோடு ஓர் உறவு வந்தது. 1941ல் அமெரிக்கப் போர்த்துறைத் தலைமையகம் கட்ட முதலில் பார்த்த இடம் அந்தப் பண்ணை நிலம். சுற்றிப்போன சாலைகள் நிலத்தை ஐங்கோணமாக வெட்டியிருந்ததால் வரைபடமும் ஐங்கோணமாயிற்று. பிறகு இடத்தை மாற்றினார்கள், வரைபடத்தை மாற்ற நேரமில்லை. உலகறிந்த பென்டகன் கட்டடத்தின் வடிவம் புகையிலைக்கும் சோயாவுக்கும் நாள் பார்த்த வயலிலிருந்து வந்தது. தோட்டத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை.

இனி அவரைக்கு வருவோம். பந்தலில் ஏறும் நம் நாட்டுக் கொடி அவரை ஒரு குறும்பகல் தாவரம். இரவு நீண்டு ஓர் அளவைத் தாண்டினால்தான் மொட்டுக் கட்டும். தையில் விதைத்தாலும் சித்திரையில் விதைத்தாலும் அது பந்தலை மூடும், பக்கத்து வீட்டுக் கம்பியைப் பிடிக்கும், துணி உலர்த்தும் கொடியில் ஏறும், பூக்காது. ஐப்பசி, கார்த்திகை வந்தபின் பூவெடுத்து மாசி வரை காய்க்கும். ‘செழிப்பா இருக்கு, பூவே இல்லை’ என்று கேட்பவருக்குச் சாம்பல் போடு, மோர் கரைத்து ஊற்று என்று பத்துப் பேர் பத்து வைத்தியம் சொல்கிறார்கள். பங்குனியில் விதைத்த அவரைக்கு எந்த வைத்தியமும் பலிக்காது. ஐப்பசியில் எந்த வைத்தியமும் இல்லாமலே பூக்கும். கடைசியாக யார் சொன்ன வைத்தியத்தைச் செய்திருந்தோமோ அவருக்குப் பேர் வந்துவிடுகிறது. பொங்கல் குழம்பில் அவரையும் மொச்சையும் தவறாமல் இடம்பிடித்ததற்குப் பின்னாலும் இந்த இரவுக் கணக்கு இருக்கிறது. இரண்டும் தாவரவியலில் ஒரே இனம். வருடத்தின் மிக நீண்ட இரவுகளையொட்டி அவை காய்த்துத் தள்ளும் நேரத்தில் நம் அறுவடைத் திருநாள் வந்து நிற்கிறது.

அப்படியானால் கொடி அவரைக்கு ஆடிதான் சரியா? தோட்டத் தரைக்குச் சரி. பூக்கச் சொல்லும் சமிக்ஞை வருவதற்குள் கொடிக்கு மூன்று மாதம் வளர நேரம் வேண்டும். ஆடி அதைத் துல்லியமாகத் தருகிறது. புரட்டாசியில் விதைத்தால் பைலாக்சியின் கடைக்குட்டிகள் போல, கொடி நாலு முழம் போவதற்குள் பூத்துவிடும், காய் குறையும். வைகாசியில் விதைத்தால் கூடுதலாகக் கிடைப்பது இலையும், அந்த இலைக்கு வரும் அசுவினியும்தான். தொட்டிக்கு நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வேன். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வேர் ஓட இடம் கொஞ்சம். ஆனியில் விதைத்த கொடி பூக்கும் காலம் வருவதற்குள் மண்ணின் சத்தையெல்லாம் இலையாக்கித் தீர்த்துவிடும். ஆடி கடைசி அல்லது ஆவணி முதல் வாரம் தொட்டிக்குப் போதும். பழமொழி சொன்ன மாதம் சரியாகவே இருக்கிறது, அதற்கு நாம் சொல்லும் மழைக் காரணம் மட்டும் அவரை விஷயத்தில் பாதிதான் சரி. காரணம் தெரிந்தால் மாதத்தைக் கொஞ்சம் நகர்த்தும் துணிவும் வரும்.

இரவைத்தான் செடி எண்ணுகிறது என்பதால் மாடிக்காரருக்கு ஒரு புதிய தலைவலி. முற்றத்து அவரைக்கு அந்தக் காலத்தில் இருட்டு தாராளமாகக் கிடைத்தது. இன்று மாடிச் சுவர்மேல் விடிய விடிய எரியும் எல்இடி, எதிர்த்த தெருவிளக்கு, கைப்பேசிக் கோபுரத்தின் விளக்கு என்று இரவே பாதிப் பகலாகிவிட்டது. அமெரிக்கச் சோயா வயல்களில் தெருவிளக்குக்கு அடியில் உள்ள வட்டம் மட்டும், மற்ற வயல் பழுத்துக் காய்ந்த பிறகும் பச்சையாக நிற்பது அங்குள்ள விவசாயிகளுக்குப் பழகிய காட்சி. செவ்வந்திப் பூவைத் தள்ளிப்போட நினைக்கும் பசுமைக்குடில்காரர்கள் இரவில் விளக்கெரிப்பதும் இதே தந்திரம்தான். கார்த்திகை கழிந்தும் உங்கள் அவரை பூக்கவில்லையென்றால், உரக் கடைக்குப் போகுமுன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாடியேறி, பந்தல்மேல் எந்த விளக்கின் ஒளி விழுகிறது என்று பாருங்கள். நிலவு? முழு நிலவின் ஒளி தெருவிளக்கின் முன் ஒன்றுமே இல்லை. அந்தச் சிறு ஒளியும் கணக்கைக் குழப்பிவிடாமல் இருக்கத்தான் பயறினச் செடிகள் இரவில் இலைகளைச் சாய்த்துக்கொள்கின்றன என்று எர்வின் பூனிங் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் 1969ல் ஒரு கருத்தை முன்வைத்தார். வளர்பிறையில் விதைக்கலாமா தேய்பிறையில் விதைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: விதை எந்தப் பிறையில் விழுந்தாலும் அவரை தன் மொட்டுக்கு நிலவை நம்பவில்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ஆர்லிங்டனில் கோடைக்கும் குளிருக்கும் பகல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் மாறும், செடி கண்டுகொள்ளும். சென்னையில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். கன்னியாகுமரியில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இந்த அற்ப வித்தியாசத்தைச் செடி எப்படிப் பிடிக்கும்? இதற்கான விடைதான் இந்த வாரம் என்னை மிகவும் மகிழ்வித்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிய மலாக்காவில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் வெறும் 14 நிமிடம். அங்கே ‘சியாம் 29’ என்ற நெல் ரகத்தைச் செப்டம்பரில் விதைத்தால் 161 நாளில் பூக்கிறது. ஜனவரியில் விதைத்தால் 329 நாள் எடுக்கிறது. 1959ல் அறிவியல் இதழில் பதிவான கணக்கு இது. பதினாலு நிமிடத்தை அறிந்து ஐந்தரை மாதம் காத்திருக்கிறது ஒரு புல். வெப்பமண்டலச் செடிகளுக்கு நுண்மை குறைவு அல்ல, அதிகம். சிறிய வித்தியாசத்தை வைத்தே வாழவேண்டிய இடத்தில் அவை பிறந்திருக்கின்றன. நம் பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவும் இந்த வகைதான். கொஞ்சம் முன்பின்னாக நட்டாலும் அறுவடை தையை ஒட்டியே வந்து சேர்ந்ததற்கு இரவின் நீளமும் ஒரு காரணம்.

இன்னொரு மறுப்பு பஞ்சாங்கத்தின் பக்கமிருந்து வரும். ஆடி என்பது முன்னோர் வானத்தைப் பார்த்து வகுத்த மாதம், அதை நகர்த்த நாம் யார் என்பார்கள். ஆடியே நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் பதில். நம் மாதங்கள் நட்சத்திரங்களை ஒட்டி நடப்பவை. பருவங்கள் சூரியனின் சாய்வை ஒட்டி நடப்பவை. இரண்டுக்கும் வருடத்துக்கு இருபது நிமிட வித்தியாசம். எழுபத்திரண்டு வருடத்துக்கு ஒரு நாள் என்று சேர்ந்து சேர்ந்து, இன்று இடைவெளி ஏறத்தாழ 24 நாளாகிவிட்டது. ஆடி முதல் தேதியைத் தட்சிணாயனத் தொடக்கம் என்கிறோம். சூரியன் தெற்கே திரும்பியதோ ஜூன் 21ம் தேதி, ஆனி முதல் வாரத்தில். உத்தராயணம் தையில் என்கிறோம்; சூரியன் வடக்கே திரும்புவது மார்கழி முதல் வாரத்தில். பதினேழு நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆடியும் நம்முடைய ஆடியும் ஒரே பருவத்தில் விழுவன அல்ல. அவரைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது நட்சத்திரத்தைப் பார்க்காமல் நேராக இரவையே எண்ணுவதால், பஞ்சாங்கத்துக்கு நேர்ந்த பிசகு அதற்கு நேரவில்லை. இதனால் ஆடிப்பட்டம் பொய்யாகிவிடாது. மூன்று வார முன்பின்னைப் பழமொழி தாங்கிக்கொள்ளும், நாமும் தாங்கிக்கொள்ளலாம்.

புது ரகங்கள் வந்துவிட்டனவே என்ற மறுப்பில் வலு இருக்கிறது. பந்தல் வேண்டாத குட்டையான செடி அவரைக்கு இரவின் நீளம் ஒரு பொருட்டில்லை. எந்த மாதமும் போடலாம், இரண்டு மாதத்தில் காய் பார்க்கலாம். நெல்லில் 1966ல் வந்த ஐஆர் 8 ரகத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று, பகல் நீளத்துக்குக் கட்டுப்படாமல் எந்தப் பருவத்திலும் விளைந்தது. ஆனால் இதிலிருந்து ‘விதை எதுவானாலும் நாள் பார்க்க வேண்டாம்’ என்று போய்விடக்கூடாது. இரவின் நீளத்தை மறந்த செடியும் இரவின் வெப்பத்தை மறப்பதில்லை. தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். நீள்பகல் குறும்பகல் பேதம் அதற்கு இல்லை. ஆனால் அது காய் பிடிப்பது இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் சிறப்பாக இருக்கும் என்று பிரிட்ஸ் வெண்ட் 1940களில் காட்டினார். அதற்குமேல் நாலைந்து டிகிரி ஏறினால் மகரந்தம் கெடும், பூ காம்போடு உதிரும். சென்னையின் மே, ஜூன் இரவுகள் 27, 28 டிகிரி. ஆகஸ்ட், செப்டம்பரிலும் 25க்குக் கீழே இறங்குவது அபூர்வம். மார்கழி, தையில்தான் 21, 22க்கு வரும்.

ஆடி முதல் வாரம் தக்காளி விதைத்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடலாம். நாற்று 25 நாள், நட்டபின் பூவுக்கு ஒரு மாதம். முதல் பூ புரட்டாசிப் புழுக்கத்தில் விரிந்து உதிரும். தப்பிய காய் ஐப்பசி அடைமழையில் வெடிக்கும், அழுகும். மார்கழித் தொடக்கத்தில் பூ வேண்டுமென்றால் பின்னோக்கி எண்ண வேண்டும்: நடவு கார்த்திகைத் தொடக்கம், விதைப்பு ஐப்பசித் தொடக்கம். நாற்றுத் தட்டைச் சன்ஷேடுக்கு அடியில் மழை படாமல் வைத்து, மழை ஓய்ந்த நாளில் நடலாம். ஆடியில் தக்காளி விதைப்பது கடலோர மாவட்டக்காரர் மாடியில் வீண் என்பதே என் தீர்ப்பு. கோயம்பேட்டில் வருடம் முழுக்கத் தக்காளி இறங்குகிறதே என்று கேட்கலாம். அது மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் ஓசூர் பக்கத்திலிருந்தும் வருகிறது. மூன்றும் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 700 முதல் 900 மீட்டர் உயரத்து ஊர்கள். அங்கே கோடை இரவும் சென்னையின் கோடை இரவு அல்ல. நிழல்வலை கட்டினால் ஆகாதா என்றால், நிழல்வலை பகலில் வேலை செய்யும். ராத்திரி அது வெறும் வலை. ஓசூர்க்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் மேலே சொன்ன கணக்கைத் தங்கள் ஊர் இரவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும், அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது.

பாட்டிகள் எல்லாவற்றையும் ஆடியில்தானே ஊன்றினார்கள் என்பது கடைசி மறுப்பு. அவர்கள் புழக்கடையில் ஊன்றியது பீர்க்கு, புடலை, சுரை, பாகல், பூசணி, அவரை, வெண்டை, கொத்தவரை. இந்தப் பட்டியலில் வெயிலுக்குப் பயப்படும் செடி ஒன்றுகூட இல்லை. கொடிக்காய்களுக்கு ஆடியில் ஒரு கூடுதல் சலுகையும் உண்டு: நீண்ட பகலும் கடும் வெப்பமும் ஆண்பூவைப் பெருக்கும், பகல் குறைந்து வெப்பம் தணிந்தால் பெண்பூ கூடும். சித்திரையில் விதைத்த பீர்க்கில் பூவெல்லாம் ஆண்பூவாக உதிர்கிறது என்ற புலம்பலுக்கு இதுவே காரணம். ஆடியில் ஊன்றியது பூக்கும்போது பகல் சுருங்கிக்கொண்டிருக்கிறது. பாட்டிகள் முட்டைக்கோசும் கேரட்டும் குடைமிளகாயும் ஊன்றவில்லை. அவர்கள் ஊன்றாததற்கும் சேர்த்து அவர்கள் பெயரைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை.

வெளிநாட்டு விதைப் பொட்டலங்களில் மயங்குபவர்களுக்கும் இதே இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்க, ஐரோப்பியத் தோட்டக்காரரின் நாட்காட்டி முழுவதும் வசந்தத்தின் கடைசி உறைபனி என்ற ஒரே நாளிலிருந்து முன்னும் பின்னும் எண்ணுவது. உதகையைத் தாண்டினால் நமக்கு உறைபனி ஏது? ‘கடைசிப் பனிக்கு ஆறு வாரம் முன்னால் உள்ளே விதைக்கவும்’ என்ற யோசனையை இங்கே யாரும் பின்பற்ற வழியில்லை. வெங்காயத்தில் ஏமாற்றம் இன்னும் பெரிது. வெங்காயத்துக்குக் குமிழ் கட்ட நீண்ட பகல் வேண்டும். வடக்கு நாடுகளுக்கென்று உருவான ரகங்களுக்கு 14 மணி நேரமும் அதற்கு மேலும் தேவை. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் எந்த நாளிலும் பகல் 13 மணி நேரத்தை எட்டிப்பிடிப்பதே அரிது. அந்த விதையை எந்த மாதம் போட்டாலும் தாள்தான் கிடைக்கும், வெங்காயம் கிடைக்காது. நம் ஊருக்குக் குறுகிய பகலில் குமிழ் கட்டும் ரகங்களே பொருந்தும்.

கீரைக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை மூன்றையும் பூ, காய் என்று காத்திராமல் தளிரிலேயே பறிப்பதால், அடைமழை தவிர எந்த நாளும் தூவலாம். இதுவரை எதையுமே தொடங்காதவர்கள் முளைக்கீரையில் தொடங்குங்கள். மூன்று நான்கு வாரத்தில் ஒரு கட்டு கையில் இருக்கும்.

அட்டவணை நிச்சயமாக அடுத்த வாரம். அதில் கத்தரி, மிளகாய் நாற்றங்காலும், முட்டைக்கோசை மாடியில் முயலலாமா என்பதும் சேரும். அதற்குள் விதைக் கடைக்குப் போகிறவர்கள் அவரைப் பொட்டலத்தில் கொடியா செடியா என்று கேட்டு வாங்குங்கள். கொடி என்றால் ஆடி கடைசி வரை நேரமிருக்கிறது, அவசரம் வேண்டாம். தக்காளி விதை வாங்கியிருந்தால் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஈரம்படாத டப்பாவில் போட்டு, மூடிமேல் ‘ஐப்பசி’ என்று எழுதி வையுங்கள்.